கதையிலே தாயும் மகளும்: புறப்போரும் அகப்போரும்

மன்னார்த் தீவிலும், அதற்கு எதிரே பெருநிலத்தில் அமைந்த மாதோட்டக் கரையிலும், கத்தோலிக்க ஊர்களின் கோயிற் பெருநாட்களை ஒட்டி இரவு முழுவதும் ஆடப்பட்டு வந்த நாட்டுக் கூத்துக்களுள் ஞானசவுந்தரி நாடகமும் ஒன்றாகும். அதன் கதை பலரும் அறிந்ததே. அரசன் மகளாகிய ஞானசவுந்தரியை அவளுடைய சிறிய தாய் வெறுக்கின்றாள். அவளைக் காட்டுக்குக் கொண்டுபோய்க் கொன்றுவிடுமாறு ஏவலாளரை அனுப்புகின்றாள். அவர்கள் உயிரை விட்டுக் கைகளை மட்டும் வெட்டிச் செல்கின்றனர். கையிழந்து கிடந்த பெண்ணை இளவரசன் ஒருவன் கண்டு மணம் செய்துகொள்கின்றான். அங்கும் சிறிய தாயின் பகை அவளை விடவில்லை. பொய்க் கடிதமொன்றினால் அவள் குழந்தைகளோடு மீண்டும் காடு சேர்கின்றாள். அக்காட்டிலே தேவமாதாவின் அருளால் இழந்த கைகள் திரும்பக் கிடைக்கின்றன. உண்மை வெளிப்படுகின்றது, பிரிந்தோர் கூடுகின்றனர்.

கூத்துக் களரியைச் சூழ இருந்து இக்கதையைக் கண்டு கண்ணீர் விட்டோருள் தாயரும் இருந்தனர். அவர்தம் மகளிரும் இருந்தனர். அன்று பகலிலே அடுப்படியில் ஒருவரோடொருவர் சினந்து பேசியவர்களும் அவர்களுள் இருந்திருத்தல் கூடும். ஆயினும் சிறிய தாயின் கொடுமையைக் கண்டபோது இரு சாராரும் ஒருங்கே மனங்கலங்கினர். தன் தாயைக் குறித்தே இக்கதை பேசுகின்றது என்று எந்த மகளும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எந்தத் தாயும் தன்னையே குறித்ததாகக் கொண்டு வருந்த வேண்டியிருக்கவுமில்லை. இது எவ்வாறு இயன்றது? கதை ஒரு பெண்ணுக்கு ஏன் இரண்டு தாயரைத் தருகின்றது? ஒருத்தி கையை வெட்டுவிக்கின்றாள். மற்றொருத்தி கையை வளர்த்துக் கொடுக்கின்றாள். தாய்க்கும் மகளுக்கும் இடையிலான பிணக்கைத் தமிழ்க் கதைகள் கையாண்ட முறையை விளங்கிக்கொள்வதற்கு இவ்வினாவே நல்லதொரு திறவுகோலாகும்.

கதைக்கு உயிர் தருவது போராட்டம். அப்போராட்டம் இருவகைப்படும். ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இடையிலோ, ஒருவருக்கும் ஊர், வறுமை, வழக்கம் என்பவற்றுக்கும் இடையிலோ நிகழ்வது புறப்போர். ஒருவருடைய நெஞ்சினுள்ளேயே இரண்டு விருப்பங்கள் மோதிக்கொள்வது அகப்போர். ஏசுதல், அடித்தல், கதவடைத்தல், உண்ண மறுத்தல் ஆகியன புறப்போரின் அடையாளங்கள். அவற்றை அயல்வீட்டாரும் அறிவர். அகப்போரை அயலார் அறியார். சில வேளைகளில் அதற்கு ஆளானவரே அறியார். மகளை அடித்த தாய், மகள் உறங்கிய பின்னர் அவள் தலைமாட்டில் விழித்திருப்பாளாயின், அடி புறப்போர், விழிப்பு அகப்போர். நல்ல கதாசிரியர் இரண்டையும் ஒருசேரக் காட்டுவர்.

வேறெவரோடு பகைத்தாலும் மனிதர் விலகிச் செல்லலாம். தாயை விட்டு விலகும் மகளோ தாயின் முகச்சாயலையும், குரலையும், சமையற் பக்குவத்தையும் தன்னோடு கொண்டே செல்கின்றாள். ஆதலால் தாய்-மகள் பிணக்கிலே புறப்போர் எளிதில் அகப்போராகிவிடுகின்றது. எதிர்த்து நிற்பவளின் ஒரு பகுதி எதிர்ப்பவளுக்கு உள்ளேயே இருக்கின்றது.

இப்பொருள் தமிழுக்குப் புதியதன்று. ஈழத்துப் பூதன்தேவனாரின் பாடல்களையும் தம்முட் கொண்ட சங்கத் தொகைநூல்களிலே தாயும் மகளும் மீண்டும் மீண்டும் எதிர்நிற்கின்றனர். நற்றிணையின் 149ஆம் பாடல் உலோச்சனார் பாடியது. கடற்கரைக்குரிய நெய்தற்றிணையில் அமைந்தது. தெருவிலே பெண்டிர் கூடுகின்றனர். கடைக்கண்ணால் நோக்கி, மூக்கின்மேல் விரலை வைத்துப் பழி பேசுகின்றனர். அப்பேச்சு வீட்டுக்குள் வந்தவுடன் தாய் சிறுகோலை எடுக்கின்றாள். மகளின் துன்பம் பெருகவே, தலைவனோடு ஊரை விட்டுச் சென்றுவிடுதலே தக்கது என்னும் துணிவு பிறக்கின்றது. இங்கே தாயின் கையிலிருக்கும் கோல் தாயின் சினத்தினால் மட்டும் எழுந்ததன்று. தெருப் பேச்சே அதனை அவள் கையில் கொடுத்தது. ஊருக்கு அஞ்சியவள் ஊருக்காக அடிக்கின்றாள். மீனவக் குடியிருப்புக்களிலே வீடுகள் நெருங்கி நிற்கும். ஒரு வீட்டுப் பேச்சு மறுவீட்டு முற்றத்தில் கேட்கும். அத்தகைய கரையோர ஊர்களை அறிந்த நேயர்களுக்கு இப்பாடலின் உண்மை எளிதிற் புலனாகும்.

மகள் சென்ற பின்னர் தாய் படும் பாட்டையும் சங்கப் புலவர் விரிவாகப் பாடினர். ஐங்குறுநூற்றிலே மகளைப் போக்கிய தாயின் இரங்கலுக்கெனவே பத்துப் பாடல்கள் கொண்ட தனிப் பகுதி ஒன்று உண்டு. வெள்ளிவீதியார் என்னும் பெண்பாற் புலவர் குறுந்தொகையின் 44ஆம் பாடலிலே, வழியெங்கும் மகளைத் தேடி அலையும் செவிலித் தாயைக் காட்டுகின்றார். அவள் நடந்து களைத்து, பார்த்துப் பார்த்துக் கண் ஒளி இழந்து நிற்கின்றாள். எதிரே வருவோர் பலராயினும் தேடியவள் மட்டும் அவர்களுள் இல்லை. போதனார் பாடிய நற்றிணை 110ஆம் பாடலிலோ, பாலுண்ண மறுத்து முற்றத்திலே ஓடிய செல்வச் சிறுமி, கணவன் வீட்டு வறுமையிலே வேளை தவறி உண்டும் தந்தை வீட்டுச் சோற்றை நினையாதிருத்தல் கண்டு தாய் வியக்கின்றாள். அவ்வியப்பினுள்ளே பெருமையும் இருக்கின்றது. தன் கைச்சோறு இனி வேண்டப்படவில்லை என்னும் நோவும் இருக்கின்றது. ஒரே நெஞ்சில் இரண்டும் இருப்பதே அகப்போர்.

இவ்விடத்தில் ஒன்றைக் கருதுதல் வேண்டும். சங்க அகப்பாடல்களில் தலைவிக்குப் பெற்ற தாயாகிய நற்றாயும், வளர்த்த தாயாகிய செவிலியும் என இருவர் உளர். வளர்ப்பின் நெருக்கமும், தேடி அலையும் வேலையும் பெரும்பாலும் செவிலிக்கு உரியவாயின. தாய்மை என்னும் பெருஞ்சுமையை ஒருத்தியின் தோளில் வையாது இருவருக்குப் பங்கிட்டுக் கொடுத்தது பழந்தமிழ் மரபு. பிற்காலத்துக் கூத்தும் தாயை இரண்டாகப் பகுத்தது. ஆயின் அது பங்கீட்டை வேறு வகையில் அமைத்தது: தீமை முழுவதையும் ஒருத்திக்கும், நன்மை முழுவதையும் மற்றொருத்திக்கும் கொடுத்தது.

ஞானசவுந்தரி கதை மன்னாரிலே பிறந்ததன்று. கத்தோலிக்க மறையோடு கடல் கடந்து வந்த கதைகளுள் ஒன்று. கையிழந்த பெண்ணின் கதை ஐரோப்பாவிலே பல நாடுகளில் பல வடிவங்களில் வழங்கியது. ஜெர்மனியிலே கிறிம் சகோதரர் 1812ஆம் ஆண்டு வெளியிடத் தொடங்கிய கதைத் தொகுதியிலும் அது உண்டு. அங்கே கையை வெட்டுபவன் பெற்ற தந்தை. சாத்தானுக்கு அளித்த வாக்குக்கு அஞ்சி அவன் வெட்டுகின்றான். அக்கதையில் இளம்பெண்ணைக் காப்பவள் அவளுடைய மாமியார். இதற்கு உறவான கதையொன்றை 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் புலவர் சோசர் பாடினார். அதிலே பொய்க் கடிதம் எழுதுபவளே மாமியார்தான். இங்ஙனம் நாட்டுக்கு நாடு வெட்டும் கையும் காக்கும் கையும் மாறின. தமிழ்க் கரைக்கு வந்து வேரூன்றியதோ சிறிய தாய் வெட்டுவிக்க, வானகத் தாய் காத்த வடிவம்.

அவ்வடிவம் இங்கே வேரூன்றுதற்கு மண்ணும் ஆயத்தமாக இருந்தது. 1670ஆம் ஆண்டளவில், ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கர் துன்புறுத்தப்பட்டபோது, மாந்தையிலிருந்த மாதாவின் திருவுருவத்தை அடியார்கள் காட்டினூடே மருதமடுவுக்குக் கொண்டுசென்றனர் என்பது மடுத்திருப்பதியின் வரலாறு. 2008ஆம் ஆண்டிலே போர் நெருங்கியபோதும் அத்திருவுருவம் மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அதே ஆண்டில் மீண்டும் திரும்பியது. காட்டிலே அடைக்கலம் தேடிய தாயின் வரலாற்றைத் தம் ஊர் வரலாறாகவே கொண்ட மக்களுக்கு, காட்டிலே கைவிடப்பட்ட மகளுக்குத் தேவமாதா கைகொடுத்த கதை அந்நியமாகத் தோன்றாதது வியப்பன்று.

மன்னாரிலே வழங்கிய கூத்துக்கள் ஏட்டிலும் நினைவிலும் இருந்து அழிந்துபோகாவண்ணம் அவற்றை அச்சேற்றுவித்தவர்களுள் பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதன்மையானவர். அவர் பதிப்பித்த எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் 1964ஆம் ஆண்டிலும், ஞானசவுந்தரி நாடகம் 1967ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. தமிழ்நாட்டிலே 1948ஆம் ஆண்டில் எம். வி. ராஜம்மாவும் டி. ஆர். மகாலிங்கமும் நடித்த ஞானசவுந்தரி திரைப்படம் பெரும் புகழ் பெற்றது. எனவே இக்கதையை ஒரு கரையின் சொத்து என்று சொல்லுதற்கில்லை. மன்னார்க் கடலின் இரு கரைக்கும் பொதுவானது.

கூத்து மரபில் மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. பெண் வேடங்களையும் ஆண்களே தாங்கினர். பாடல்களை இயற்றிய புலவரும், ஆட்டுவித்த அண்ணாவியாரும் ஆண்களே. எனவே தாய்க்கும் மகளுக்கும் இடையிலான பிணக்கு, அதைப் பட்டறிந்தோர் எவரும் களரியில் ஏறாமலே ஆடப்பட்டது. சிறிய தாய் ஏன் வெறுத்தாள்? அரண்மனைக்குப் புதிதாய் வந்தவளின் அச்சம் என்ன? முதல் மனைவியின் மகளை நாள்தோறும் காணும்போது அவள் நெஞ்சு பட்டது என்ன? இவ்வினாக்களைக் கூத்து எழுப்புவதில்லை. அவள் தீயவள், அதனால் தீமை செய்தாள். புறப்போர் மிகுந்த ஒளியோடு நடைபெறுகின்றது; அகப்போருக்கு அங்கே விளக்கில்லை.

எனினும் அப்பகுப்பு பயனற்றதன்று. தாயின்மீது சினங்கொள்ளுதல் பாவம் என்று கற்ற பெண்பிள்ளை தன் சினத்தை எங்கே வைப்பாள்? கதை அவளுக்கு ஒரு சிறிய தாயைக் கொடுத்தது. அவள்மீது எவ்வளவும் சினங்கொள்ளலாம்; பெற்றவளுக்குக் குற்றம் செய்ததாகாது. தன் கடுமையை எண்ணி உள்ளே நொந்த தாயும், அக்கடுமையைப் பிறள் ஒருத்தியின் மேலேற்றித் தன்னை நற்றாயாகவே கண்டுகொண்டாள். சொல்லாமல் அடக்கிய துயரத்துக்குக் கூத்து ஒரு வடிகாலாக அமைந்தது.

அன்றியும், அக்காலத்திலே சிறிய தாய் என்பவள் கற்பனைப் பாத்திரம் அல்லள், வீட்டு உண்மை. இலங்கையில் 1930களிலே ஒரு லட்சம் பிறப்புக்களுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் மகப்பேற்றோடு உயிரிழந்தனர். பெற்றவள் மறைய, மற்றொருத்தி வந்து பிள்ளைகளை வளர்த்தல் ஊர்தோறும் காணப்பட்டது. மருத்துவிச்சியர் பயிற்சி, கிராமங்கள்தோறும் தாய்-சேய் நலச் சேவை, மலேரியா ஒழிப்பு, பெண் கல்வி ஆகியவற்றின் பயனாக அத்தொகை பின்னர் மிகப் பெரிதும் குறைந்தது. பெற்ற தாய் உயிரோடிருந்து தன் மகள் வளர்ந்து பெண்ணாவதைக் காணும் பேறு பெரும்பாலோர்க்கும் கிடைத்தது. அதனோடு ஒரு புதிய நிலையும் தோன்றியது: கதையிலே சிறிய தாய் செய்த வேலையையும், வானகத் தாய் செய்த வேலையையும், இனிப் பெற்றவள் ஒருத்தியே செய்தாக வேண்டும். கதாசிரியர்கள் தாயை இரண்டாகப் பகுக்கும் வசதியை மெல்ல இழந்தனர்.

வட இலங்கைத் தமிழரிடையே தாய்-மகள் உறவுக்குத் தனியானதொரு பொருளியல் அடிப்படையும் உண்டு. 1707ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில், தாயின் சீதனம் பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்லும் வழக்கம் காணப்படுகின்றது. வீடும் வளவும் நகையும் பெண்வழியே இறங்குதலால், மணமான மகள் தாய் வீட்டிலேயோ அதன் அருகிலேயோ வாழ்தல் பல இடங்களில் வழக்கமாயிற்று. கணவன் வீட்டுக்குச் சென்று மறையும் மகளின் கதை வேறு. தாயின் கூரையைத் தன் கூரையாகப் பெற்றுக்கொண்டு, அதே கிணற்றில் நீரள்ளி வாழும் மகளின் கதை வேறு. முன்னதிலே பிணக்கு மணவறையோடு முடிகின்றது. பின்னதிலோ அது வாழ்நாள் முழுவதும் தொடர்கின்றது. வீட்டுக்கு உரியவள் எவள், அடுப்புக்கு உரியவள் எவள் என்னும் வினா நாள்தோறும் எழுகின்றது. தன்னிடம் இருப்பதையெல்லாம் மகளுக்குக் கொடுக்கக் கடமைப்பட்ட தாய், கொடுத்த பின்னர் தனக்கென ஒன்றும் இல்லாதவளாய் நிற்கின்றாள். அன்பும் அச்சமும் ஒருசேர எழும் இந்நிலை நாவலாசிரியருக்குப் பொன் விளையும் பூமி.

சொத்து தாய்-மகள் பிணக்கை எவ்வாறு உருவாக்கும் என்பதற்கு ஆங்கில இலக்கியத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. 1813ஆம் ஆண்டு வெளிவந்த ஜேன் ஒஸ்ரினின் நாவலொன்றிலே, திருமதி பெனற் தன் மகள் எலிசபெத்தை, விரும்பாத ஒருவனை மணக்குமாறு நெருக்குகின்றாள். அவளைப் பேதை என்று நகைப்பது எளிது. ஆசிரியையும் வாசகரை நகைக்கவே வைக்கின்றார். ஆயின் அவ்வீடு ஆண்வாரிசுக்கே உரியது. ஐந்து பெண்மக்களைப் பெற்றவள் கணவன் இறந்தவுடன் வீதியில் நிற்க நேரும். அந்த அச்சமே அவள் ஆரவாரத்தின் அடிவேர். மன்னார்க் கரையிலே வீடு மகளுக்குச் செல்கின்றது. ஒஸ்ரினின் நாட்டிலே அது மகளுக்குச் செல்லவில்லை. வழக்கம் மாறினும் தாயின் அச்சம் மாறவில்லை. தாயின் குரல் உயரும்போது, அக்குரலின் கீழே எந்த வழக்கம் அழுத்துகின்றது என்று வாசகர் தேடுதல் வேண்டும்.

இனி, பெண்கள் தாமே எழுதத் தொடங்கிய காலம் வருகின்றது. ஈழத்துத் தமிழ்ப் பெண்மணி மங்களநாயகம் தம்பையா 1914ஆம் ஆண்டில் நொறுங்குண்ட இருதயம் என்னும் நாவலை வெளியிட்டு, ஒரு பெண்ணின் இல்லறத் துன்பத்தை அவள் நெஞ்சின் பக்கமாக நின்று காட்டினார். பெண் வேடம் பூண்ட ஆண் களரியில் பாடிய துயரத்துக்கும், பெண்ணின் எழுதுகோல் தாளில் இறக்கிய துயரத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதை அது உணர்த்தியது.

மன்னார்க் கடலுக்கு அக்கரையிலே, அதே கத்தோலிக்க மீனவ வாழ்வைப் பொருளாகக் கொண்டு வண்ணநிலவன் எழுதிய கடல்புரத்தில் என்னும் நாவல் 1977ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிலே மரியம்மை தாய், பிலோமி மகள். மரியம்மைக்கு ஊரிலுள்ள வாத்தியார் ஒருவரோடு நட்பு உண்டு. பிலோமி ஒருவனை விரும்புகின்றாள், அவ்விருப்பம் கைகூடவில்லை. தாய் எதிர்பாராத வகையில் இறந்துபோகின்றாள். அதன் பின்னர், தாயின் நட்புக்குரியவராயிருந்த அதே வாத்தியாரோடு மகளும் நட்புக் கொள்கின்றாள். தாய் உயிரோடிருந்தபோது பேசி முடியாத பேச்சினை, அவளை அறிந்த வேறொருவரின் வழியாக மகள் பேசி முடிக்கின்றாள் எனலாம். இங்கே சிறிய தாயும் இல்லை. வானகத் தாய் செய்யும் அற்புதமும் இல்லை. குறையும் அன்பும் ஒருங்கே உடைய ஒரே ஒரு தாய் இருக்கின்றாள். அவளை மகள் மன்னிக்க வேண்டியதில்லை, விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

இன்னும் கூர்மையாக இப்பொருளைத் தொட்டது அம்பை எழுதி 1971ஆம் ஆண்டில் வெளிவந்த அம்மா ஒரு கொலை செய்தாள் என்னும் சிறுகதை. அதிலே சிறுமிக்குத் தாயே தெய்வம்; அவள் சொல்லே விளக்கம். தாய் ஊரில் இல்லாத வேளையில் சிறுமி பூப்படைகின்றாள். தன் உடலில் நிகழ்ந்தது யாதென அறியாது, அஞ்சி, தாயின் வருகைக்காகக் காத்திருக்கின்றாள். தாயோ உறவுப் பெண் ஒருத்தியைக் கறுப்பு நிறம் காரணமாக மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று சொன்ன கவலையோடு திரும்புகின்றாள். இவளும் அதே நிறத்தவள். ஆறுதலை எதிர்நோக்கி நின்ற பிள்ளைமீது, இவளும் இதற்குள் ஒரு சுமையாகிவிட்டாளே என்னும் பொருள்படச் சில சொற்கள் விழுகின்றன. கதையிற் குருதி சிந்தும் கொலை இல்லை, சொல்லே வாள். அவ்வாளைத் தீட்டியது திருமணச் சந்தை. ஆயினும் அது தாயின் வாய்வழியே வந்தது. ஞானசவுந்தரியின் கைகளை வெட்டுவித்தவள் வேறொருத்தி என்று கூத்து தேற்றியது. வெட்டியவளும், வணங்கப்பட்டவளும் ஒருத்தியே என்று இச்சிறுகதை கூறுகின்றது. தேற்றம் குறைந்தது, உண்மை மிகுந்தது.

அமெரிக்க நாவலாசிரியை ரொனி மொறிசன் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட நாவலிலே இப்போர் எல்லையைத் தொடுகின்றது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த தாய், தன்னைப் பிடிக்க வந்தோரிடம் மகள் அகப்படலாகாது என்று மகளைத் தன் கையாலேயே கொன்றுவிடுகின்றாள். அன்பே கொலைக்கருவியாயிற்று. பின்னர் அம்மகளின் நினைவு அவளை விடாது தொடர்கின்றது. அடிமை முறை என்னும் புறக்கொடுமை இல்லையேல் அத்தாயின் அகத்திலே அந்நோய் இல்லை. உலோச்சனாரின் பாடலிலே தெருப் பேச்சு தாயின் கையிற் கோலாக மாறியது. இங்கே ஒரு நாட்டின் சட்டம் தாயின் கையில் வாளாக மாறுகின்றது. காலமும் நாடும் வேறு, அமைப்பு ஒன்றே.

இவ்வளவும் கூறியதனால் பெறப்படுவது யாது? தாய்-மகள் பிணக்கைச் சொல்லும் கதைகளிலே புறப்போர் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது. ஊர்ப் பேச்சு, சீதனம், நிறம், வறுமை, போர் என்பன அதை ஏவிவிடுகின்றன. அது வீட்டு வாயிலைக் கடந்து தாயின் நெஞ்சிற் புகுந்து அச்சமாகின்றது. தாயின் வாயிலிருந்து மகளின் நெஞ்சிற் புகுந்து காயமாகின்றது. பழங்கதை அவ்வாயிலிலே ஒரு சிறிய தாயை நிறுத்திப் பெற்றவளைக் காத்தது. இன்றைய கதை அக்காவலை நீக்கிவிட்டு, ஒருத்தியின் நெஞ்சிலேயே இரண்டு தாயரையும் இருக்கச் செய்கின்றது. தாயைப் பகுக்காமல் முழுமையாகக் காட்டும் கதையே இன்றைய மகளுக்கும் இன்றைய தாய்க்கும் பயன்படும் கதை.

மன்னார்க் கரைக்கு இது வெறும் இலக்கியச் செய்தியன்று. 1990ஆம் ஆண்டில் இக்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் படகேறி இராமேசுவரம் சென்றன. அதே ஆண்டு இறுதியில் மன்னார் மாவட்டத்து முஸ்லிம் மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். எத்தனையோ மகளிர் மண்டபம் முகாமிலும் புத்தளத்துக் குடியிருப்புக்களிலும் பிறந்து வளர்ந்தனர். தாயின் நினைவிலுள்ள ஊர் மகளின் நினைவில் இல்லை. தாய் இழந்த வீட்டை எண்ணித் திரும்ப விரும்புகின்றாள். மகள் கற்ற பள்ளியையும் பெற்ற தோழியரையும் விட்டு வர மறுக்கின்றாள். தாய்க்கு ஊர் என்றால் பனையும் கடலும். மகளுக்கோ அது தாய் சொல்லும் கதை. இப்பிணக்கில் தீயவர் எவரும் இலர். சிறிய தாய் ஒருத்தியைப் படைத்துப் பழியை அவள் தலையில் ஏற்றுதற்கும் வழியில்லை. இத்தகைய வாழ்வு தனக்குரிய நாவல்களை வேண்டி நிற்கின்றது. அவற்றை எழுதத் தக்கவர் அவ்வாழ்வை வாழ்ந்த மகளிரே.

கதை வாசிக்கும் நேயர்களுக்கும், எழுத விரும்பும் இளம்பெண்களுக்கும் மூன்று வினாக்கள் உதவக்கூடும். முதலாவது: இத்தாய் எதற்கு அஞ்சுகின்றாள்? சினம் எங்கே மிகுகின்றதோ அங்கே அச்சம் மறைந்திருக்கும். இரண்டாவது: இவர்கள் பேசும்போது மூன்றாமவர் எவர் கேட்டுக்கொண்டிருக்கின்றார்? தெருவா, உறவினரா, மாப்பிள்ளை வீட்டாரா? வீட்டினுள் நடக்கும் பேச்சு பலவேளைகளில் வெளியாருக்காகப் பேசப்படுவது. மூன்றாவது: இருவரும் சொல்லாது விட்டது எது? போதனாரின் தாய் தன் கைச்சோற்றை மகள் மறந்தாள் என்று நோகிறேன் எனச் சொல்லவில்லை; மகளின் உறுதியை மட்டுமே வியந்தாள். சொல்லாததைச் சொல்லியதன் நடுவே வைப்பதே அகப்போரை எழுதும் வழி.

பள்ளி விடுமுறையிலே தாயும் மகளும் ஒரே நூலை ஒருவர் பின் ஒருவராக வாசித்து, பின்னர் அதைப்பற்றிப் பேசும் வழக்கம் வீடுகளிலே தோன்றுமாயின் நன்மை பெரிது. தம்மைக் குறித்து நேருக்கு நேர் பேச இயலாத இருவர், கதையிலுள்ள ஒரு மரியம்மையைக் குறித்தோ பிலோமியைக் குறித்தோ தடையின்றிப் பேசுவர். அப்பேச்சிலே தாய் தன் அச்சத்தையும், மகள் தன் காயத்தையும் பிறர் பெயரிலே சொல்லிக்கொள்வர். சில நாட்களின் பின் அப்பிறர் பெயரும் தேவைப்படாது போகலாம்.